பரணுக்குப் போகும் பெயர்கள்

அந்த அலுவலகத்தில் அவளுக்கு டேட்டாக்கா என்று பெயர். வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. வாசல் காவலரிலிருந்து மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் டேட்டாக்காதான். அவளைவிட நாலு வயது மூத்தவரான கிடங்குக்காரர்கூடக் கொஞ்சமும் கூச்சமில்லாமல், "டேட்டாக்கா, இந்த லிஸ்டைக் கொஞ்சம் பாருங்க" என்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இல்லாமல் இல்லை. சம்பளச் சீட்டிலும் கதவு திறக்கும் அட்டையிலும் அது பத்திரமாக இருந்தது. வாயால் கூப்பிடத்தான் ஆளில்லை.

வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை அதைப் பற்றியது அல்ல. வரன் வந்தது, தட்டிப் போனது. அப்பா போனார். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்புறம் அம்மாவும் போனாள். எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு தம்பி. வேறு ஊரில், பெண்டாட்டியோடு இருந்தான். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. சொத்துத் தகராறு, கோர்ட்டு, கேஸு என்று பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அம்மா போன மூன்றாம் மாதம் அவன் போன் செய்து, "அங்க ஒத்தையா உக்காந்து என்ன பண்றே? பேசாம இங்க வந்துடு" என்றான்.

"எனக்கென்ன கொறைச்சல்? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"யாரை ஏமாத்தறே?"

"உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போடா."

"சரி, நல்லாவே இரு. வேணும்னா நீயா கூப்பிடு" என்று வைத்துவிட்டான்.

யார் முதலில் கூப்பிடுவது என்கிற வீம்பு ஒரு வாரம் ஓடியது, ஒரு மாதமானது, ஒரு வருஷமானது. அதற்குமேல் அது வீம்புகூட இல்லை, வெறும் கூச்சம். இத்தனை நாள் கழித்துக் கூப்பிட்டு என்னத்தைச் சொல்வது? போனை எடுப்பாள், பெயரைப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். ஊரே அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கூப்பிட வேண்டியவன் கூப்பிடவில்லை. இவளும் கூப்பிடவில்லை. அந்த ஒரு இழையும் அறுந்துவிட்டதா இல்லையா என்பது அவளுக்கே தெரியாது. தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது.

இனி வேலைக்கு வருவோம்.

வீட்டுத் தையல் மெஷின் செய்து விற்கிற கம்பெனி அது. விற்கிற ஒவ்வொன்றுக்கும் ஆயுட்கால உத்தரவாதம். யாருடைய ஆயுள், மெஷினுடையதா, வாங்கினவருடையதா, கம்பெனியுடையதா என்று மட்டும் எங்கேயும் எழுதியிருக்காது. மெஷினின் சீரியல் நம்பர், வாங்கினவர் பெயர், போன் நம்பர், எப்போது எந்த உறுப்பு மாற்றினார்கள், யார் போய்ப் பார்த்தார்கள் என்று இருபத்தாறு வருஷச் சங்கதி முழுக்க டேட்டாபேஸில் இருந்தது. முகப்பு மேசையில் பெயரைத் தட்டினால் ரெக்கார்டு வர வேண்டும். வந்தால்தான் இலவச ரிப்பேர். வராவிட்டால், "உங்க பேர் இல்லீங்களே" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்த டேட்டாபேஸ் மாடிப்படிக்குப் பக்கத்தில், ஜன்னலே இல்லாத ஒரு குளிர் அறையில் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஒட்டின சின்ன அறை டேட்டாக்காவுடையது. காலையில் பேக்கப் சரியாக எடுத்திருக்கிறதா என்று பார்ப்பது, பூச்சி பிடித்த ரெக்கார்டைத் திருத்துவது, மாத அறிக்கை எடுப்பது. இதைக் கண்ணும் கருத்துமாக இருபத்தாறு வருஷம் செய்தாள். நன்றாக வேலை செய்தால் யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். அவள் நன்றாக வேலை செய்தாள்.

தொல்லை முகப்பு மேசையிலிருந்து வந்தது. அங்கே தலைமைக்காரியாக இருந்தவளுக்கு ‘அவசரம்’ என்று பட்டப்பெயர். எது கேட்டாலும் "அவசரம்க்கா, அவசரம்" என்பாள். ஒரு நாள் காலை மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"அக்கா, பேரைத் தட்டினா வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. முன்னாடி நிக்கறவங்க என்னையே மொறைக்கறாங்க. நானா சுத்தறேன்?"

"பழசு நெறைய சேந்துபோச்சு. தேடறதுக்கு நேரமாகுது."

"தூக்கிப் போடுங்களேன்!"

"வீடு கூட்டற மாதிரி சொல்றியே."

அதே வாரம் மேலாளர் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் எதையும் நின்று கேட்கப் பொறுமை இல்லாதவர். "பழைய டேட்டாவை எப்படி ஒதுக்கறதுன்னு ஒரு திட்டம் போட்டுக் கொடுங்க. ஒரு மாசம். எதை வெச்சுக்கறது, எதை எடுக்கறது, எங்க வெக்கறது, திரும்ப வேணும்னா எப்படி எடுக்கறது. ரெண்டு பக்கத்துல முடிச்சுடுங்க" என்றார்.

ஒதுக்குவது என்றால் அழிப்பது இல்லை. வீட்டில் தினமும் புழங்காத அண்டாவைப் பரணில் போடுகிற மாதிரிதான். வேண்டும் என்றால் ஏணி வைத்து எடுத்துக்கொள்ளலாம். டேட்டாக்கா இதை அலுவலகக் கூட்டத்தில் இப்படியே சொல்லிவைக்க, எல்லோர் வாயிலும் பரண் என்றே நின்றுவிட்டது. யாரைப் பரணில் போடுவது என்பதுதான் கேள்வி.

அவள் இரண்டு நாள் யோசித்து ஒரு விதி எழுதினாள். ஏழு வருஷமாக ஒரு சலனமும் இல்லாத பெயர் பரணுக்குப் போகும். ரிப்பேர், புகார், உதிரிபாகம், முகவரி மாற்றம், எதுவுமே இல்லையென்றால் அந்த ஆள் இனி வரப்போவதில்லை என்றுதானே அர்த்தம்? ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பெயரில் முப்பத்தெட்டாயிரம் இந்த விதியில் விழுந்தது. ஒரே ஒரு வரி! மூன்றில் ஒரு பங்கு சுமை குறைகிறது. மேலாளர் பேனாவால் மேசையில் தட்டி, "பிரமாதம்" என்றார். டேட்டாக்காவுக்கும் உள்ளூர ஒரு பெருமைதான். ஏன் இருக்கக் கூடாது?

எதையும் அசல் மேல் செய்து பார்க்கிற அசடு அல்ல அவள். டேட்டாபேஸுக்கு ஒரு நகல் எடுத்து, அதன்மேல் விதியை ஓடவிட்டு, சோதித்துப் பார்க்க அவசரத்தைக் கூப்பிட்டாள். அவசரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தட்டினாள். வட்டம் சுற்றவே இல்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் ரெக்கார்டு வந்து நின்றது.

"அக்கா! கைக்கு முத்தம் கொடுக்கணும் உங்களுக்கு!"

குஷி தாங்காமல் அவள் தெரிந்த பெயரை எல்லாம் தட்ட ஆரம்பித்தாள். தன் பெயர், வந்தது. மேலாளர் பெயர், வந்தது. கிடங்குக்காரர், வந்தார். பிறகு டேட்டாக்காவின் அசல் பெயரைத் தட்டினாள். தட்டிவிட்டுத் திரையையே பார்த்தாள்.

"அக்கா, உங்களைக் காணோமே!"

‘இந்தப் பெயரில் யாரும் இல்லை’ என்று திரையில் இருந்தது.

அறைக்குள் எட்டிப்பார்த்த இரண்டு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சொந்தக் கையாலயே பரணுக்குப் போயிட்டீங்களா!" என்றார் கிடங்குக்காரர். டேட்டாக்காவும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது? "ஏதோ பிழை, பாத்துடறேன்" என்று எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிழை இல்லை. அதுதான் கொடுமை. கம்பெனி ஆரம்பித்த காலத்தில் யாரோ ஒரு சிக்கனக்காரர், வாடிக்கையாளருக்கு ஒரு டேபிள் (பெயர்ப் பட்டியல்), ஊழியருக்கு ஒன்று எதற்கென்று, ‘ஆட்கள்’ என்று ஒரே டேபிளாகப் போட்டு, யார் எவர் என்று காட்டப் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி வைத்திருந்தார். இருபத்தாறு வருஷமாக அதோடு குடித்தனம் செய்தவள் அவள். விதியில் "ஊழியர் நீங்கலாக" என்று ஒரு வார்த்தை சேர்க்க மறந்துவிட்டாள். சேர்க்காததால் விதி ஊழியர்கள் மேலும் ஓடியிருக்கிறது. ஊழியர்கள் இருநூற்றுப் பதிமூன்று பேர். அதில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் தப்பித்துவிட்டார்கள். ஒருத்தருக்குப் பிள்ளை பிறந்திருந்தது, ஒருத்தர் வீடு மாறியிருந்தார், ஒருத்தர் கால் முறிந்து ஆஸ்பத்திரிச் செலவு கேட்டிருந்தார், மற்றவர்கள் லீவு போட்டிருந்தார்கள். வருகைப் பதிவும் சம்பளமும் வேறு கம்ப்யூட்டர் என்பதால் அவை இங்கே கணக்கில் வராது. வாழ்க்கையில் ஏதாவது அசைந்தால்தான் இந்த டேபிளில் தேதி ஏறும்.

டேட்டாக்கா காய்ச்சலோடும் வேலைக்கு வந்துவிடுகிறவள். வீடு மாறவில்லை. போன் நம்பர் மாறவில்லை. லீவு எடுத்து எங்கே போவது என்று தெரியாததால் லீவே எடுக்கவில்லை. அவள் பெயருக்கு நேரே கடைசித் தேதி ஒன்பது வருஷத்துக்கு முந்தையது. அந்தப் பதிவைத் திறந்தாள். "சார்ந்திருப்போர் பட்டியலிலிருந்து ஒரு பெயர் நீக்கம். உறவு: தாய்."

எழுந்து பக்கத்துக் குளிர் அறைக்குள் போய் அவள் அழுதாள். யாருக்கும் தெரியாமல் அழுவதற்கு அது நல்ல இடம், கம்ப்யூட்டர்கள் ஓடுகிற இரைச்சலில் ஒன்றும் வெளியே கேட்காது.

மாலை வீட்டுக்கு வந்தாள். மூன்றாவது மாடி. பூட்டைத் திறக்கும்போது சும்மா, என்ன தோன்றியதோ, தன் வீட்டு அழைப்பு மணியைத் தானே அழுத்திப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். ம்ஹூம். எப்போது கெட்டுப்போயிற்று? போன மாதமா, நாலு வருஷத்துக்கு முன்னாலா? அவளுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அழுத்த யாரும் வரவில்லை. அதற்காக எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதா? வந்தவன் எப்ப இருந்து வேலை செய்யலை என்று கேட்டால் என்ன சொல்வது? கதவைத் திறந்து உள்ளே போய் ரேடியோவைப் போட்டுவிட்டு, யாரோ இரண்டு பேர் எதையோ பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

மறுநாள் விதியில் "ஊழியர் நீங்கலாக" என்று சேர்த்தாள். ஒரு நிமிஷ வேலை. தன் பெயர் திரும்ப வந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டுத் தொலைத்திருப்பார்கள். ஆனால் அவள் மனசு அந்த முப்பத்தெட்டாயிரம் பேர் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. நான் உயிரோடு உட்கார்ந்திருக்கும்போதே விதி என்னை இல்லை என்று சொல்லிற்றே, இவர்களில் எத்தனை பேர் என் மாதிரி? மெஷின் ஒழுங்காக ஓடுகிறவர் எதற்கு நம்மைக் கூப்பிடப் போகிறார்? ரிப்பேரே ஆகாத மெஷினும் செத்துப்போன மெஷினும் டேட்டாபேஸில் ஒரே மாதிரிதானே இருக்கும்?

அவள் மேலாளரிடம் போய், அறுபது பேரைக் குலுக்கல் மாதிரி எடுத்துப் போன் செய்து பார்க்க வேண்டும் என்றாள்.

"அறுபதா? யார் பண்றது?"

"நானே பண்றேன் சார்."

"நீங்களா? போன்லயா?" என்று அவர் கேட்ட தினுசில் கிண்டல் இல்லை, உண்மையான ஆச்சரியம்தான் இருந்தது. அவளுக்கே ஆச்சரியம்தான். ஆபீஸ் போனில் அவள் பேசியே எத்தனையோ காலம் ஆயிற்று.

முதல் நாலு நம்பரில் அவளுக்குக் குரலே வரவில்லை, வைத்துவிட்டாள். ஐந்தாவது ஒரு கிழவர் எடுத்தார்.

"ஐயா, தையல் மெஷின் கம்பெனியிலிருந்து பேசறேன். உங்க மெஷின் ஓடுதுங்களா?"

"ஏன், ஓடக் கூடாதா?"

"இல்லைங்க, பல வருஷமா நீங்க கூப்பிடலை, அதான்..."

"ஓடினா எதுக்கும்மா கூப்பிடணும்? ரிப்பேரானா கூப்பிடறேன். வெச்சுடட்டுமா? சரி, வெக்காதே, நீ எந்த ஊரு?"

கால் மணி நேரம் பேசினார். மெஷினைப் பற்றி ஒரு நிமிஷம், முட்டி வலியைப் பற்றிப் பதினாலு நிமிஷம். டேட்டாக்கா ஊம் கொட்டிக்கொண்டே இருந்தாள். வைத்த பிறகு பார்த்தால் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு பெண், "மெஷினா? அது என் கூடப் பொறந்த மாதிரிங்க, ஒரு நாள் படுத்ததில்லை" என்றாள். ஒருத்தர், பணம் பிடுங்கத்தான் கூப்பிடுகிறாள் என்று எண்ணிக்கொண்டு, "எங்க வீட்ல மெஷினே கெடையாது!" என்று அடித்துச் சொன்னார். பின்னால் மெஷின் கடகடவென்று ஓடுகிற சத்தம் போனிலேயே கேட்டது. டேட்டாக்கா ஓடுகிறது என்றே எழுதிக்கொண்டாள். ஒரு வீட்டில் குழந்தை எடுத்து, "அம்மா குளிக்கறாங்க, நீங்க யாரு, உங்க பேர் என்ன?" என்று கேட்டது. அவள் யோசித்துவிட்டுத் தன் அசல் பெயரைச் சொன்னாள். "நல்லாருக்கு" என்றது குழந்தை.

எட்டு நாள் ஆயிற்று. அறுபதில் முப்பத்தொரு பேர் எடுத்தார்கள். பதினொன்று இல்லாத நம்பர். பதினெட்டு எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை. எடுத்தவர்களில் இருபத்தாறு பேர் மெஷின் ஜோராக ஓடுகிறது, அதனால்தான் கூப்பிடவில்லை என்றார்கள். மூன்று பேர் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார்கள். விதி முழுக்க முழுக்கத் தப்பு! பேசாமல் இருப்பவர்கள் நன்றாக இருக்கிறார்கள். டேட்டாக்காவுக்கு இது வேலையில் விழுந்த அடி, ஆனால் மனசுக்கு இதமாக இருந்தது. தம்பியும் அப்படித்தான், நன்றாக இருப்பதால்தான் கூப்பிடவில்லை, ஓடுகிற மெஷின். இப்படி நினைத்துக்கொண்டு இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினாள். கூப்பிடாமல் இருக்க இதைவிட நல்ல சாக்கு ஒன்பது வருஷத்தில் கிடைக்கவில்லை.

மிச்சம் இரண்டு பேர் இருக்கிறார்கள் அல்லவா, முப்பத்தொன்றில்? அந்த இரண்டும் இறந்துபோன வாடிக்கையாளர்கள். ஒன்றில் ஒரு பையன், "பாட்டி இல்லை, மெஷின் இருக்கு" என்று சுருக்கமாக முடித்துவிட்டான். இன்னொன்றில் ஒரு பெண் எடுத்தாள்.

"அம்மா போய் நாலு வருஷமாச்சுங்க. மெஷினை நான்தான் ஓட்டறேன்."

"அப்படிங்களா... எங்களுக்குத் தெரியாதுங்க. எந்தத் தகவலும் வரலை."

"கேட்டாத்தானே சொல்லுவோம்" என்றாள் அந்தப் பெண். கோபமில்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னாள்.

டேட்டாக்கா அந்த வார்த்தையைப் பட்டியலின் ஓரத்தில் அப்படியே எழுதிவைத்தாள்.

திட்டத்தை அடியோடு மாற்றி எழுதினாள். இரண்டு பக்கம் ஐந்து பக்கமானது. வெள்ளிக்கிழமை காலை மேலாளர் அறையில் அவரும் அவளும் அவசரமும் உட்கார்ந்தார்கள்.

"பரணுக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒரு மெசேஜ் போகணும் சார். உங்க மெஷின் ஓடுதா, ஓடினா ஒண்ணுன்னு அனுப்புங்கன்னு. மாசத்துக்கு ஒண்ணா மூணு தடவை. பதில் வந்தா அவங்க இங்கேயே இருப்பாங்க. வரலைன்னா போன் பண்ணணும். முகப்புல இருக்கற ஆறு பேர் தினம் மத்தியானம் கூட்டமில்லாத நேரத்துல ஆளுக்குப் பத்து போன்."

"அக்கா!" என்று அவசரம் கண்ணை உருட்டினாள்.

"ஆளுக்கு அஞ்சு. எடுக்காதவங்களை மட்டும் பரணுக்கு அனுப்பலாம். அனுப்பினாலும் அவங்க பேரும் சீரியல் நம்பரும் ஒரு வரி இங்க நிக்கணும், பரண்ல இருக்குன்னு குறிப்போட. யாராவது வந்து நின்னா, இல்லைன்னு சொல்லக் கூடாது. நாளைக்கு எடுத்துத் தரோம்னு சொல்லணும். அப்புறம், மேல ஏத்தினதை ஒரு தடவை எறக்கிப் படிச்சுப் பாக்காம கீழ இருக்கறதை அழிக்கவே கூடாது."

மேலாளர் தாளைப் புரட்டினார். "ஏழு வருஷ விதி நல்லாத்தானே இருந்துச்சு? சும்மா இருக்கறவங்க பெரும்பாலும் நல்லாத்தான் இருக்காங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப எதுக்கு ஒவ்வொருத்தரையா கேக்கணும்? பேசாம இருக்கறதுல ரெண்டு வகைன்னா, எந்த வகைன்னு டேட்டாவுல இருந்தே கண்டுபிடிக்க முடியாதா?"

"முடியாது சார்."

"ஏதாவது ஒரு அடையாளம்?"

"ரெண்டும் வெளியிலேருந்து ஒரே மாதிரிதான் இருக்கும். கேட்டாத்தான் தெரியும்."

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. தன் வாயாலேயே தனக்கு விழுந்த சூடு அது. மேலாளர் அதைக் கவனிக்கவில்லை. அவர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, "செலவு அதிகம்தான். ஆனா நாளைக்கு ஒருத்தரும் வந்து சண்டை போட மாட்டாங்க. நடத்துங்க" என்றார். வெளியே வந்ததும் அவசரம் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஆளுக்கு அஞ்சு போன், சாபம் விடுவேன் பாத்துக்கங்க" என்று சிரித்துவிட்டு ஓடினாள்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. பதினோரு மணிக்கு அவள் அறைக் கதவைச் சாத்தினாள். அறுபது பேர் பட்டியல் மேசைமேல் கிடந்தது, வேலை முடிந்த தாள். கைப்பையிலிருந்து தன் போனை எடுத்தாள். அறுபது பேருக்கு அடித்திருக்கிறாய், அறுபத்தொன்றாவது ஒரு ஆள், அவ்வளவுதான் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். அடித்தாள். நாலு தடவை மணி அடித்தது. எடுக்காத அந்தப் பதினெட்டோடு இதுவும் சேர்ந்துவிடுமோ என்று எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்தாவதில் எடுத்தார்கள்.

"யாருங்க?" பெண் குரல். தம்பி பெண்டாட்டி.

"நான்தாம்மா... அவன் அக்கா."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணியா?"

"ஆமாம்மா. அவன் இருக்கானா?"

"இருக்காரு. பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. ஆனா பேச மாட்டாரு அண்ணி."

டேட்டாக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "இன்னுமா கோவம்? ஒன்பது வருஷமாச்சேம்மா. நான்தானே இப்ப கூப்பிட்டிருக்கேன். ஒரு வார்த்தை பேசச் சொல்லு."

"ஐயோ, கோவமெல்லாம் இல்லை. தொண்டையில ஆபரேஷன் அண்ணி. ரெண்டு வருஷமாச்சு. உயிர் பொழைக்கணும்னா குரலை எடுத்துத்தான் ஆகணும்னுட்டாங்க. மத்தபடி இப்ப நல்லாருக்காரு. பேச்சு மட்டும் வராது."

குளிர் அறையின் இரைச்சல் சுவரைத் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. டேட்டாக்கா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷமா? எனக்கு ஏம்மா சொல்லலை? நான் என்ன அந்நியமா?"

"நான் சொல்லிடறேன்னுதான் சொன்னேன். இவரு விடலை. அக்கா நல்லாருக்கா, எதுக்குக் கலங்கடிக்கணும்னு எழுதிக் காட்டினாரு. மெசேஜாவது அனுப்புங்கன்னேன். குரல் போனப்பறம்தான் அக்கா ஞாபகம் வந்துச்சான்னு நெனப்பா, வேண்டாம்னாரு. அவளா கூப்பிட்டா சொல்லிக்கலாம்னாரு." அவள் குரல் உடைந்தது. "நீங்க கூப்பிடுவீங்க கூப்பிடுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தோம் அண்ணி. ஆபரேஷனுக்கு முந்தின நாள் பூரா போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. இருக்கற கொஞ்சம் குரல்ல உங்ககிட்ட ஒரு தடவை பேசிடணும்னு. அப்பவும் அவரா கூப்பிட மாட்டேன்னுட்டாரு."

டேட்டாக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் குரலை இனி எந்தப் பரணில் ஏணி வைத்தாலும் எடுக்க முடியாது. ஒரு போன், ஒரே ஒரு போன் செய்திருந்தால் போதும். அறுபது ஊரார் வீட்டு மெஷின் ஓடுகிறதா என்று கேட்டாளே பாவி!

"அண்ணி? போனைக் கேக்கறாரு. கையை நீட்டறாரு. குடுக்கறேன். நீங்க பேசுங்க, அவருக்குக் காது நல்லாக் கேக்கும்."

போன் கை மாறுகிற கரகரப்பு. பிறகு மூச்சுச் சத்தம். சீராக இல்லாத, இழுத்து இழுத்து வருகிற மூச்சு. அது அவன்தான்.

"டேய்" என்றாள்.

மூச்சு நின்று, மறுபடி வந்தது.

ஒன்பது வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் இருந்தது, எல்லாம் கோபமாகப் பேச வேண்டியவை, அவன் பதிலுக்குக் கத்துவான் என்று நம்பிச் செய்து வைத்தவை. ஒன்றும் இப்போது உதவாது. மௌனமாக இருக்கவும் முடியாது, அவன் பக்கத்தில் இனி மௌனம்தான். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அவள்தான் பேசியாக வேண்டும்.

"நான் நல்லா இல்லைடா" என்றாள். "அன்னிக்கும் நல்லா இல்லை. இன்னிக்கும் நல்லா இல்லை. வீட்டுக்குப் போனா பேச ஒரு ஆள் இல்லை. வாசல் மணி கெட்டுப்போனதே எனக்குத் தெரியலைடா. பொய்தான் சொன்னேன் உன்கிட்ட. நீ என்னைத் திட்டு. ஐயோ, எப்படித் திட்டுவே..."

போனில் மூச்சு தாறுமாறாக ஏறி இறங்கியது. பின்னாலிருந்து தம்பி பெண்டாட்டியின் குரல் கேட்டது.

"அழறாரு அண்ணி. இன்னும், இன்னும்னு கையைக் காட்டறாரு. நிறுத்தாதீங்க, பேசுங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த மாசம் ஆபீஸ்ல என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தாள்.